பழைய எம்ஜிபிக்கு எந்த சைஸ் டயர் வாங்கறது?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் இங்கிலாந்துல கவென்ட்ரில இருக்கேன். ரொம்ப நாள் ஆசை, இப்பதான் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு வாங்கினேன், சைக்கிள் மாதிரி கம்பி வச்ச வயர் வீல் வண்டி. முன்னாடி வச்சிருந்தவர் நாலு வீல்லயும் 195/65 ஆர்14 போட்டு வச்சிருக்கார். பார்க்க கெத்தாதான் இருக்கு, ஆனா பார்க்கிங் போடும்போது ஸ்டீயரிங் ஒடிச்சு ஒடிச்சு தோள்பட்டை வலிக்குது, பள்ளத்துல இறங்கினா பின்னாடி இடது பக்கம் உரசற சத்தம் வேற. ஹேண்ட்புக்ல 155 எஸ்ஆர் 14ன்னு இருக்கு. டயர் கடையில அப்படி ஒரு சைஸே கம்ப்யூட்டர்ல இல்லைங்கறாங்க, 165/65 ஆர்14 ஸ்டாக் இருக்கு, அதுவும் 14 இன்ச்தானேங்கறாங்க. இன்னொரு கடையில 165 ஆர்14 சி பாதி விலைக்குத் தர்றேங்கறாங்க. எதை வாங்கறது?

பதில்: தம்பி, வண்டில இருக்கற 195/65, கடைக்காரங்க சொல்ற ரெண்டு, இந்த மூணுமே வேணாம். உங்க வண்டிக்கு வாங்க வேண்டியது 165/80 ஆர்14. சில கம்பெனி இதையே 165 எச்ஆர் 14ன்னு அச்சடிக்கும், ரெண்டும் நடைமுறைல ஒரே சைஸ்தான்.

ஹேண்ட்புக்ல இருக்கற 155 எஸ்ஆர் 14ஐ முதல்ல படிச்சிடுவோம். 155 டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. எஸ்னா 180 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் தாங்கும், ஆர்னா ரேடியல் (இப்ப கார்ல வழக்கமா வர்ற வகை டயர்), 14 ரிம்மோட இன்ச். நடுவுல வர வேண்டிய அந்த 65, 70 மாதிரி நம்பர் மட்டும் இல்லை பாருங்க, அங்கதான் கடைக்காரங்க சறுக்கறாங்க. அந்தக் காலத்து ரேடியல்ல அதைப் போட மாட்டாங்க, போடலைன்னா சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) உயரம் அகலத்துல 80, 82 சதவீதம்னு அர்த்தம். கம்ப்யூட்டருக்கு அது புரியாததால கைல இருக்கற 165/65ஐ எடுத்து நீட்டறாங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. 165/80 ஆர்14 டயரோட மொத்த உயரம் கிட்டத்தட்ட 620 மிமீ. ஒரிஜினல் 155 வந்து 610 பக்கம், வித்தியாசம் 10 மிமீதான், அதனால 155க்குப் பதிலா இதைப் போடலாம். கடைக்காரர் சொல்ற 165/65 வெறும் 570! வண்டி 2 சென்டிமீட்டருக்கு மேல கீழ இறங்கிடும், ஏற்கனவே தாழ்வான வண்டி, அங்க இருக்கற ஸ்பீட் பிரேக்கர்ல எக்ஸாஸ்ட் தட்டும். அதோட ஓவர்டிரைவ் (ஹைவேல இன்ஜின் வேகத்தைக் குறைக்கற கூடுதல் கியர்) இல்லாத எம்ஜிபி நாலாவது கியர்ல 70 மைல் போகும்போது இன்ஜின் 4,000 ஆர்பிஎம் கிட்ட கத்திட்டுதான் இருக்கும், டயர் சின்னதாச்சுன்னா இன்னும் ஒரு 300 ஏறும். மீட்டரும் நிஜத்தை விட அதிகமா காட்டும். அது சின்ன டவுன் காருக்கு செஞ்ச சைஸ், உங்களுக்கு வேணாம்.

இப்ப வண்டில இருக்கற 195/65. உயரம் 609, அதுல குறையே சொல்ல முடியாது, அதனாலதான் நிறைய பேர் ஏமாந்து போடறாங்க. பிரச்சினை ரிம்ல. எம்ஜிபியோட வழக்கமான வயர் வீல் 60 கம்பி, 4.5 ஜே, அதாவது நாலரை இன்ச் அகலம்தான். 195 டயருக்கு அதை விட அகல ரிம் வேணும். குறுகின ரிம்ல அதைத் திணிச்சா சைடுவால் ரெண்டு பக்கமும் புடைச்சுக்கும், வளைவுல டயர் ஒரு பக்கமா மடங்கும், ஸ்டீயரிங் திருப்பினதுக்கும் வண்டி திரும்பறதுக்கும் நடுவுல ஒரு தாமதம் தெரியும். அந்த டக்குனு திரும்பற குணத்துக்காகத்தானே இந்த வண்டியை வாங்கறோம், அது போச்சுன்னா என்ன இருக்கு. பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது, அகலம் கூடினா தோள் வலிக்கத்தான் செய்யும். உரசற சத்தத்துக்கு, பின் டயரோட சைடுவாலை டார்ச் அடிச்சுப் பாருங்க, வட்டமா பளபளன்னு ஒரு கோடு விழுந்திருந்தா வீல் ஆர்ச் மடிப்புல படுதுன்னு அர்த்தம், அதோட தயவுசெஞ்சு ஹைவேல போகாதீங்க. எம்ஜிபில ரெண்டு பக்கமும் கேப் ஒரே அளவா இருக்காது, இடது பக்கம் குறைவா இருக்கறது நிறைய வண்டில பார்க்கறதுதான், அதனால வலது பக்கம் பார்த்துட்டு சரியா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க.

அந்தப் பாதி விலை டயர். கடைசில இருக்கற 'சி' எழுத்தைப் பார்த்தீங்களா, அது வேனுக்கும் டிரெய்லருக்கும் செஞ்ச டயர். சுமை தாங்கறதுக்காக சைடுவால் ரொம்ப கெட்டியா இருக்கும், நிறைய காத்து அடிச்சு ஓட்டற டயர் அது. எம்ஜிபியோ டன்னுக்கும் குறைவான வண்டி, 20 சொச்சம் பிஎஸ்ஐதான் காத்து. அந்த டயர் அசையவே அசையாது, தட தடன்னு அடிக்கும், மழைல பிடிப்பும் கம்மி. மழைக்கார ஊர்ல ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு இதைப் போட்டு மிச்சம் பிடிக்கற காசு எனக்கு நியாயமா படலை.

165 எச்ஆர் 14ல பிராண்டுன்னு பார்த்தா பிரெல்லி சிந்துராட்டோ பழைய டிசைன்லயே போடறாங்க, விலை ஜாஸ்தி. வ்ரெடெஸ்டைன் ஸ்பிரின்ட் கிளாசிக் அதை விடக் குறைவு, 2009ல நம்ம அப்போலோ டயர்ஸ் வாங்கின டச்சு கம்பெனி அது. நான் உங்க இடத்துல இருந்தா இரண்டாவதை எடுப்பேன். ரெண்டும் கிளாசிக் கார் டயர் கடைலதான் கிடைக்கும், தெருமுனை கடைல தேடி நேரத்தை விடாதீங்க.

165 கிடைக்கவே இல்லைன்னா 185/70 ஆர்14, உயரம் 615, 4.5 ஜே ரிம் அதுக்குக் கடைசி எல்லை. உங்க வீல்ல 60க்குப் பதிலா 72 கம்பி இருந்தா ரிம் அகலமா இருக்க வாய்ப்பு இருக்கு, டயரைக் கழட்டும்போது அளந்துக்கோங்க. இது ஒரிஜினல் சைஸ் இல்லைங்கறதால இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க.

டியூபை மறக்காதீங்க. வயர் வீல்ல கம்பி முனை வழியா காத்து கசியும், அதனால டியூப் போட்டே ஆகணும், அந்த சைஸுக்கு உண்டான புது டியூப், கம்பி முனைக்கு மேல ரிம் டேப். டயருக்குள்ள ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டி இருந்தா பிச்சு எடுக்கச் சொல்லுங்க, அது டியூபைத் தேச்சே ஓட்டை போட்டுடும்.

கேள்வி: இன்னொண்ணு அண்ணா, ஸ்டெப்னில பட்டன் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. நாலு மட்டும் வாங்கினா போதும்ல?

பதில்: பட்டனை (டயர் மேல இருக்கற பள்ளம் மேடு) பார்க்காதீங்க, தேதியைப் பாருங்க. சைடுவால்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு நம்பர், 2309னு இருந்தா 2009ஆம் வருஷம் 23வது வாரம். மூணு நம்பர்தான் இருக்குன்னா 2000க்கு முந்தினது, நேரா குப்பைக்கு. இந்த மாதிரி வண்டி வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடும், பட்டன் தேயறதுக்குள்ள ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டுடும். பத்து வருஷம் தாண்டின டயரை லாரி, பஸ் முன் வீல்ல போடக்கூடாதுன்னு அங்க 2021லயே சட்டம் போட்டாச்சு. காருக்கு அந்தச் சட்டம் இல்லைதான், ஆனா ரப்பர் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் கெடும். 40 வருஷம் தாண்டின வண்டிக்கு எம்ஓடி டெஸ்ட்டும் (வருஷா வருஷம் பண்ற வண்டி தகுதிச் சோதனை) கட்டாயம் இல்லை, அப்ப டயரைப் பார்க்க உங்களை விட்டா வேற ஆள் கிடையாது.

ஸ்டெப்னில 5.60-14னு இருந்தா அது ரேடியலே இல்லை, பழைய கிராஸ்பிளை, ரேடியலுக்கு முந்தின வகை. முன்னாடி ரேடியல், பின்னாடி கிராஸ்பிளைன்னு ஓட்டறது அங்க சட்டப்படியே தப்பு, பஞ்சர் ஆன நேரத்துல அதைப் பின்னாடி மாட்டினா வண்டி வால் ஆட்டும். அஞ்சா ஆர்டர் பண்ணுங்க. பார்சல் வந்ததும் ஃபிட் பண்ண விடறதுக்கு முன்னாடி அஞ்சுலயும் தேதியைப் படிங்க, ரெண்டு மூணு வருஷம் குடோன்ல கிடந்ததுன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுங்க, ரிம்ல ஏத்தின பிறகு மாத்தித் தர மாட்டாங்க.