தரங்கம்பாடி மதில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தரங்கம்பாடியில் எங்கள் தெருமுனையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு நினைவுப் பலகை வைக்கிறோம். டென்மார்க்கிலிருந்து டேனியர் வந்த 1620 என்று போடுவதா, கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு வந்த 1706 என்று போடுவதா? காலனிக்காரனுக்குப் பலகை எதற்கு என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். பலகை பதிக்கும் பழைய மதில் பொரிந்து கொட்டுகிறது, சிமெண்ட் பூசிவிடுகிறோம்.
க.

அன்புள்ள க.,

இரண்டையும் போடுங்கள். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியக் கப்பல்படைத் தலைவர் ஓவே கெட்டே டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். சீகன்பால்கு கரையிறங்கியது 1706 ஜூலை 9. ஊரை 1845ல் ஆங்கிலேயருக்கு விற்றதையும் ஒரு வரி சேருங்கள். சண்டைக்காரர்களை விடுங்கள், பலகை வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவர்கள் சண்டை போடுவார்கள்.

ஆனால் சிமெண்ட் பூசுவதாக உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எப்படி ஐயா இவ்வளவு சாதாரணமாக எழுதினீர்கள்? ஊர்மேல் இத்தனை பாசம் வைத்திருக்கும் பிள்ளைகள் சிமெண்ட் மூட்டையோடு கிளம்பினால் வயிறு கலங்குகிறது. கடற்கரைச் சுவரில் உப்பு ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். உப்பு பூச்சில் பூக்கும், பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். உதிர்வதுதான் அதன் வேலை! சிமெண்டால் அடைத்தால் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, பூச்சு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்க்கும்.

முதலில் அந்த மதில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கை வைக்காதீர்கள். இல்லையென்றால் தளர்ந்த பூச்சை உளியால் மட்டும் எடுங்கள், கட்டர் மிஷின் வேண்டாம். செங்கல் இடுக்குகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பை உலர் பிரஷ்ஷால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சினால் அது கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். சுண்ணாம்பை நீற்றி, சலித்து, ஒரு மாதமாவது தண்ணீருக்குள் வையுங்கள். அரைகுறையாக நீறிய கட்டி ஒன்று இருந்தாலும் பூசிய பிறகு உப்பி அம்மைத் தழும்புபோல் குழி விழும். கடுக்காய், வெல்லம் என்று யாராவது சூத்திரம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஊறாத சுண்ணாம்பை எந்தக் கடுக்காயும் காப்பாற்றாது.

சுண்ணாம்பு 1, ஆற்றுமணல் 3. பக்கத்தில் கிடக்கிறதே என்று கடல்மணலைத் தொட்டால் உப்பை நீங்களே கலந்து கொடுத்ததாகிவிடும். மதில் அடியில் ஒரு பங்கு மணலுக்குப் பதில் செங்கல் பொடி போடலாம். சுவரை நனைத்து, ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, 1 செ.மீ.க்கு மேல் போகாமல் பூசுங்கள். அடுத்த கைக்கு முன் கீறிவிடுங்கள். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்கட்டும். கொத்தனார் இரண்டே நாளில் முடிக்கிறேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும்தான், பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது. வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடங்குங்கள்.

பலகையின் திருகாணி செங்கல்லில் அல்ல, இடுக்கில் இறங்க வேண்டும். இரும்பு வேண்டாம், துரு ஏறிப் பருத்துச் சுவரைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.