ஃபில்டர் சக்கரம்: கையால் சுழற்றுவதா, மோட்டாரா?

கேள்வி: என்னிடம் எஃப்/6 குவிய விகிதம் கொண்ட 80 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கியும், ஃபோர் தேர்ட்ஸ் அளவுச் சென்சார் கொண்ட மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராவும் இருக்கின்றன. நெபுலாக்களையும் கேலக்ஸிகளையும் படமெடுக்க, பல ஃபில்டர்களைத் தாங்கி வேண்டியதைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவரும் ஃபில்டர் சக்கரம் வாங்க வேண்டும். கையால் சுழற்றும் சக்கரம் போதுமா, கூடுதலாகச் செலவழித்து மோட்டார் சக்கரம் வாங்க வேண்டுமா?

பதில்: ஓர் இரவில் எத்தனை முறை ஃபில்டரை மாற்றுவீர்கள், அந்த நேரத்தில் தொலைநோக்கியின் பக்கத்தில் விழித்திருப்பீர்களா? முடிவு இந்த இரண்டையும் பொறுத்தது.

ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டரை மாட்டிவிட்டு ஒரே நெபுலாவை விடிய விடிய எடுப்பவருக்கு மோட்டார் தேவையே இல்லை. 656.3 நானோமீட்டரில் வரும் அந்தச் சிவப்பு ஒளி நிலவொளியிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 500.7 நானோமீட்டரில் வரும் ஆக்சிஜன் ஒளியைத்தான் நிலவு அதிகம் கெடுக்கும். ஆகவே நிலவு இருக்கும்வரை ஹைட்ரஜன், மறைந்த பிறகு ஆக்சிஜன் என்று திட்டமிட்டால், இரவு முழுவதற்கும் ஒரே ஒரு மாற்றம்தான். அதற்குக் கைச்சக்கரம் தாராளமாகப் போதும். ஒரு சமயத்தில் ஒரே ஃபில்டரைச் செருகி எடுக்கும் இழுப்பறை அமைப்பும் போதும்.

கேலக்ஸிகளுக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஒளிர்வு (எல்லா நிறங்களையும் சேர்த்து விடுவது), சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு ஃபில்டர்கள் வேண்டும். அடிவானத்துக்கு அருகே காற்றுமண்டலம் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கிறது. எனவே பொருள் உச்சியை நெருங்கும்போது நீலத்தையும் ஒளிர்வையும் எடுப்பதும், தாழ்ந்திருக்கும்போது சிவப்பை எடுப்பதும் நல்லது. மேகத்தை நம்ப முடியாத இரவுகளில் நான் வேறொரு முறையை விரும்புகிறேன்: ஒவ்வொரு நிறத்திலும் சில படங்கள் எடுத்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போய்க்கொண்டே இருப்பது. நள்ளிரவில் வானம் மூடிக்கொண்டாலும் எல்லா நிறத்திலும் கொஞ்சமாவது கையில் இருக்கும். சிவப்பும் பச்சையும் நிறைய இருந்து நீலம் மட்டும் இல்லாமல் போன இரவின் வருத்தம் எனக்குத் தெரியும். இப்படிச் சுற்றிச் சுற்றி எடுப்பதைக் கையால் செய்தால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டியதுதான்.

நடப்பது மட்டுமே சிரமம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை விரல் படும்போதும் தொலைநோக்கி அசைகிறது. வானத்தைப் பின்தொடரக் குறியாக வைத்திருக்கும் கைடிங் நட்சத்திரம் விலகினால், அது மறுபடி நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது ஃபோகஸ். ஒளிவிலகல் தொலைநோக்கியில் எல்லா நிறங்களும் துல்லியமாக ஒரே புள்ளியில் குவிவதில்லை. ஒரே குவியம் கொண்டவை என்று விற்கப்படும் ஃபில்டர்களிலும் சிறு வேறுபாடு இருக்கும். மோட்டார் சக்கரமும் மோட்டார் ஃபோகஸரும் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு ஃபில்டருக்கும் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை ஒருமுறை அளந்து மென்பொருளில் பதிந்துவிடலாம். ஃபோகஸரைக் கையால் திருகுபவர் மோட்டார் சக்கரம் வாங்கினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். எப்படியும் எழுந்து போகத்தானே வேண்டும்?

கைச்சக்கரத்தில் இன்னொரு குறையும் உண்டு. விரலால் தள்ளுவதற்காக அதன் விளிம்பு வெளியே தெரியும்படி திறந்திருக்கும். அந்த இடைவெளி வழியே வெளிச்சம் கசியலாம். முக்கியமாக, டார்க் படங்களை (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க, மூடியைப் போட்டு எடுப்பவை) பகலில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். கறுப்புத் துணியால் மூடிக்கொண்டால் போதும்.

ஃபிளாட் படங்களை (தூசி நிழல்களை நீக்க, சீரான வெளிச்சத்தை எடுப்பவை) பொறுத்தவரை இரண்டு வகைக்கும் ஒரே விதிதான். ஃபில்டரின் மேல் ஒட்டிய தூசி வளைய நிழலாக விழும் இடம், வானத்தை எடுத்தபோதும் ஃபிளாட் எடுத்தபோதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வளையத்தை அகற்றப் போய் இரண்டு வளையங்கள் முளைக்கும். மோட்டார் என்பதாலேயே துல்லியம் வந்துவிடாது. பல்சக்கரத்தில் தளர்வு இருந்தால் அதுவும் சற்றே தள்ளித்தான் நிற்கும். சில சக்கரங்களின் மென்பொருளில் ஒரே திசையில் மட்டும் சுழலச் செய்யும் அமைப்பு உண்டு; அதை இயக்கிவையுங்கள். கைச்சக்கரத்தையும் எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பி, ‘டக்’ என்று பள்ளத்தில் உட்கார்ந்ததை உறுதிசெய்யுங்கள்.

கோள்களையும் எடுக்கும் எண்ணம் இருந்தால் தயங்காமல் மோட்டாரை வாங்குங்கள். வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 0.6 டிகிரி. மூன்று நிறங்களையும் ஓரிரு நிமிடங்களுக்குள் முடிக்கவில்லை என்றால் மேகப் பட்டைகளின் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சக்கரத்தைவிட ஃபில்டர்களுக்கே அதிகம் செலவாகும். ஆகவே முதலில் ஃபில்டரின் அளவை முடிவு செய்யுங்கள். கணக்கு எளிது. சென்சாரின் மூலைவிட்டத்தோடு, ஃபில்டருக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தைக் குவிய விகிதத்தால் வகுத்து வரும் எண்ணைக் கூட்டுங்கள். உங்கள் கேமராவுக்கு மூலைவிட்டம் சுமார் 23 மி.மீ. தூரம் 18 மி.மீ. என்றால், அதை 6 ஆல் வகுக்க 3. மொத்தம் 26. 1.25 அங்குல ஃபில்டரின் உலோக வளையம் போக உள்ளே கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நூலிழையில் தப்பிக்கிறீர்கள். பின்னாளில் இதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மாறும் எண்ணம் இருந்தால், இப்போதே 36 மி.மீ. சக்கரமாக வாங்குவது மேல்.

உங்கள் நிலையில் நான் மோட்டார் சக்கரத்தையே வாங்குவேன், கேலக்ஸிகளுக்காக. இப்போதைக்குக் கையில் பணம் போதவில்லை என்றால் நல்ல ஃபில்டர்களையும் கைச்சக்கரத்தையும் வாங்கி, ஹைட்ரஜன் நெபுலாக்களில் தொடங்குங்கள். அளவு ஒத்துப்போனால் அதே ஃபில்டர்கள் பின்னால் வாங்கும் மோட்டார் சக்கரத்திலும் உட்காரும். அப்படி மாற்றும்போது, இரண்டு சக்கரங்களின் தடிமன் ஒன்றாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் ஃபிளாட்னர் (படத்தின் ஓரங்களிலும் நட்சத்திரங்களைக் கூர்மையாக்கும் லென்ஸ்) சென்சார் வரை 55 மி.மீ. இடைவெளி கேட்கிறது என்றால், சக்கரத்தின் தடிமனையும் சேர்த்து மறுபடி அளந்து இடைவெளி வளையங்களைச் சரிசெய்ய வேண்டும். 2 மி.மீ. தடிமனுள்ள ஃபில்டர் கண்ணாடி குவியத்தைச் சுமார் 0.7 மி.மீ. பின்னுக்குத் தள்ளும், அதையும் கூட்டி 55.7 என்று வைத்துக்கொள்ளுங்கள்.