பழைய மூங்கில் தூண்டில் தடிகள்: கைவைக்க முன் கேட்டவர்களுக்குப் பதில்

துரைமார் காலத்துத் தடி ஒன்று வீட்டில் கிடக்குது, அல்லது ஒருவர் விற்க நிற்கிறார், என்ன பெறும் என்று கேட்டு வந்தவைதான் இந்தமுறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பப்பா நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அவர் கொண்டுவந்த மூன்று துண்டுத் தடி ஒன்று துணிப்பையோடு கூரை வளையில் செருகிக் கிடந்தது. இது பெறுமதியான சாமானா? (கல்லடி)

முதலில் தடியை விரல்களுக்கிடையில் மெதுவாக உருட்டிப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் ஆறு பட்டையாகக் கையில் படுகிறதென்றால் அது ஸ்பிளிட் கேன், அதாவது மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு கீலங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த தடி. கணுக்களையும் பாருங்கள். முழு மூங்கிலில் கணு சுற்றிவர ஒரே இடத்தில் இருக்கும், இதிலோ ஒரு பட்டையில் ஓரிடத்திலும் பக்கத்துப் பட்டையில் வேறிடத்திலும் இருக்கும், ஏனென்றால் கணுதான் மூங்கிலின் பலவீனமான இடம், எல்லாக் கணுவும் ஒரே மட்டத்தில் வந்தால் தடி அங்கேயே முறியும். நல்ல தடிகளுக்குப் போன மூங்கில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் வளர்கிற டொங்கின் மூங்கில். அதற்கு முன்னர் இந்தியாவிலிருந்து போன கல்கத்தா மூங்கிலைப் பாவித்தார்கள், அதில் சூடு வைத்த கறுப்புத் தழும்பு பல இடங்களில் தெரியும்.

தடி வட்டமாக, மர ரேகையோடு, தூக்கினால் பாரமாக இருந்தால் அது பெரும்பாலும் கிரீன்ஹார்ட் என்ற தென்னமெரிக்க மரம். பழையதுதான், ஆனால் தேடி வாங்குகிறவர்கள் குறைவு.

மலைநாட்டு ஓடைகளில் டிரவுட் மீனை வெள்ளைக்காரர் 1880-களில் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்க வந்த தடிகள்தான் தோட்டத்து பங்களாக்களில் இருந்தன, உங்களுடையதும் அந்த வழியில் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. செய்தவர் பெயரைக் கைப்பிடிக்குச் சற்று மேலேயும், அடியிலிருக்கும் உலோக மூடியிலும் தேடுங்கள். இங்கிலாந்தின் அல்னிக் நகரத்து ஹார்டி கம்பனி 1872-இல் தொடங்கியது, அவர்களுடைய மூங்கில் தடிகளில் ‘பலக்கோனா’ என்ற பெயரும் ஒரு தொடர் எண்ணும் இருக்கும், அந்த எண்ணை வைத்துச் செய்த காலத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று ஈரத்துணியாலோ ஸ்பிரிட்டாலோ தேய்த்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் மையால் எழுதி மேலே வார்னிஷ் பூசியது, வார்னிஷ் போனால் பெயரும் போகும், பெயர் போனால் விலையில் பெரும்பகுதி போகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஃபோனில் படம் எடுங்கள், கண்ணுக்குத் தெரியாததும் பல நேரம் படத்தில் தெரியும்.

லண்டனில் இருக்கிற மச்சான் ஒரு ஹார்டி தடி விற்பனைக்குக் கிடப்பதாகச் சொல்கிறார். ஒன்பதரை அடி, மூன்று துண்டு. படத்தில் பளபளவென்று இருக்கிறது. வாங்கச் சொல்லவா? (கல்முனை)

பளபளப்பு என்றதும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. எழுபது எண்பது வருடத் தடி பளபளத்தால் யாரோ புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். திறமான ஒருவர் செய்த வேலை என்றால் பரவாயில்லை, ஆனால் அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். பழைய வார்னிஷ் தேன் நிறத்தில் கொஞ்சம் மங்கிப்போய், தூண்டில் நூல் ஓடும் வளையங்களைக் கட்டிய பட்டுநூல் சுற்றுகள் அப்படியே இருக்கிற தடியைத்தான் சேகரிக்கிறவர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்குவார்கள்.

விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் விசயம் ஒவ்வொரு துண்டின் நீளம். மொத்த நீளத்தை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள், துண்டு துண்டாக அளக்கச் சொல்லுங்கள். ஒன்பதரை அடித் தடி என்றால் மூன்று துண்டும் ஏறத்தாழ ஒரே அளவில், 38, 39 அங்குலம் அளவில் இருக்க வேண்டும். இரண்டு துண்டு 39, நுனி மட்டும் 36 என்றால் நுனி முறிந்து, முறிந்த இடத்தில் புது வளையம் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மூன்று அங்குலம் தடியின் வளைவையே மாற்றிவிடும், விலையையும் பாதிக்குப் பாதி குறைத்துவிடும். (சில தடிகளைச் சமனில்லாத துண்டுகளாகவே செய்திருக்கிறார்கள், அப்படியென்றால் அந்த மொடலின் பழைய கட்டலொக்கில் இருக்கும்.) பல தடிகளுக்கு இரண்டு நுனித் துண்டு கொடுத்திருப்பார்கள், இரண்டும் முழு நீளத்தில் இருந்தால் அது பெரிய விசயம்.

அடுத்தது துண்டுகளைச் சொருகும் உலோகக் குழாய், ஃபெரூல். நல்ல தடிகளில் இது ஜேர்மன் சில்வர், பெயர்தான் சில்வர், உண்மையில் செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த உலோகம். ஆண் பாகத்தைப் பெண் பாகத்துக்குள் நேராக விட்டால் கடைசி அங்குலத்தில் காற்று அடைபட்டு லேசாக எதிர்க்க வேண்டும், பிரித்து இழுக்கும்போது ‘டொப்’ என்று சின்னச் சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் ஃபெரூல் தேயவில்லை. தடியைப் பூட்டி மெதுவாக ஆட்டும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டால் உள்ளே பசை விட்டுப்போயிருக்கிறது அல்லது உலோகம் தேய்ந்திருக்கிறது. பூட்டிப் பிரிக்கும் வீடியோ ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நேர்மையான வியாபாரி மறுக்கமாட்டார்.

பிறகு, தச்சன் பலகையை ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் பார்த்து ஒரு படம். மென்மையான வளைவு ஒன்று நுனியில் இருப்பது சாதாரணம், பெரிய மீன் இழுத்த தடிகளில் அது வரும், தெரிந்தவர் இளஞ்சூட்டில் நிமிர்த்துவார். ஓரிடத்தில் மட்டும் சடாரென்று மடங்கினால் அங்கே நார் உடைந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். கீலங்களுக்கிடையே நூல்போலக் கறுப்புக் கோடு திறந்திருந்தால் பசை விட்டிருக்கிறது. பழைய தடிகளுக்குப் பாவித்த மிருகப் பசைக்கு ஈரமும் வெக்கையும் ஆகாது, நம்முடைய காலநிலையில் அந்தக் கோடு வருடத்துக்கு வருடம் நீளும்.

விலையைப் பற்றிச் சொல்வதென்றால், ஹார்டி என்ற பெயர் இருந்தாலும் ஒன்பது பத்து அடி சாதாரண டிரவுட் தடிகள் இங்கிலாந்தில் பெரும்பாலும் 100, 200 பவுண் அளவில்தான் கைமாறுகின்றன. ஏழு, எட்டு அடித் தடிகளுக்கு இன்றைக்கும் பாவிக்க ஆள் இருப்பதால் அவற்றுக்குக் கூடுதல் விலை. பதினான்கு அடி சால்மன் தடியைச் செய்ய எவ்வளவோ கூடுதல் வேலை, ஆனாலும் அதை வாங்க ஆளில்லை. அமெரிக்காவின் எவரெட் கரிசன் கையாலே செய்த தடி ஆயிரக்கணக்கான டொலர் போகும், அது வேறு உலகம். ஈபேயில் கேட்கிற விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதை யாரும் கேட்கலாம்.

வாங்கினால் தடித்த பிவிசி குழாய்க்குள் வைத்து இரண்டு முனையும் மூடி அனுப்பச் சொல்லுங்கள். சுங்கத்தில் என்ன வரும் என்பதை அனுப்ப முன்னரே விசாரியுங்கள்.

மச்சினன் தளபாடக் கடையில் பொலிஷ் வேலை செய்கிறார். என் தடியில் வார்னிஷ் வெடித்து உரிகிறது. மணல் தாள் பிடித்து புதிதாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார். (களுவாஞ்சிக்குடி)

வேண்டாம். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். மூங்கிலின் பலம் முழுக்க வெளித்தோலை ஒட்டிய நெருக்கமான நாரில்தான் இருக்கிறது, மணல் தாள் முதலில் தின்பது அதைத்தான். பட்டையின் விளிம்பும் மழுங்கிப்போகும், பிறகு எந்த வார்னிஷாலும் அது திரும்பாது. காய்ந்த மென்துணியால் தூசைத் துடைத்து அப்படியே வையுங்கள். விற்கிறதாக இருந்தால் உரிந்த வார்னிஷோடு விற்பதுதான் உங்களுக்கு லாபம், வாங்குகிறவர் தனக்குத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வார்.

எங்கள் வீட்டில் இருப்பது அமெரிக்கத் தடி. இங்கினியாகலை அணைக்கட்டு வேலைக்கு வந்த அமெரிக்கர் ஒருவர் வாப்பும்மாவின் தகப்பனுக்குக் கொடுத்ததாம். ‘சவுத் பெண்ட்’ என்று எழுதியிருக்கிறது. அந்தக் கதைக்கு ஒரு விலை உண்டா நானா? (அக்கரைப்பற்று)

கதை நம்பக்கூடியது. இங்கினியாகலை அணை கட்டிய கல்லோயாத் திட்டத்தில் 1949-இல் வேலை தொடங்கிய கம்பனி மொரிசன் நட்சன், அமெரிக்கர்கள் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள், அந்தக் காலத்து அமெரிக்கரிடம் மூங்கில் தடி இருப்பதும் இயல்பு. 1950-இல் சீனாவோடு வியாபாரத்தை அமெரிக்கா நிறுத்தியதும் டொங்கின் மூங்கில் வருவது நின்றுவிட்டது, அதே காலத்தில் ஃபைபர் கிளாஸ் தடியும் வந்துவிட்டது, ஆகவே உங்களுடையது அந்த யுகத்தின் கடைசித் தடிகளில் ஒன்றாகக்கூட இருக்கலாம்.

ஆனால் சவுத் பெண்ட், மொன்டேக், ஹொரொக்ஸ் இபொட்சன் எல்லாம் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்து சாதாரண மக்களுக்கு விற்ற தடிகள். நல்ல நிலையில் இருந்தாலும் விலை பெரிதாக வராது. கதைக்கு விலை வேண்டுமென்றால் அந்த மனிதரின் பெயர் எழுதிய கடிதமோ, தடியோடு நிற்கிற படமோ வேண்டும். அது இருந்தால் தடியோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை விற்கமாட்டேன். சேகரிப்பவருக்கு இது ஆயிரத்தில் ஒன்று, உங்கள் வீட்டில் இது ஒன்றுதான்.

மரப்பெட்டிக்குள் தடி, மிதவை, இறகு வைத்த தூண்டில் எல்லாம் சேர்ந்த ஜப்பான் செட். 25,000 கேட்கிறார்கள். (ஏறாவூர்)

பெட்டி அழகு, தடி சுமார். யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோக ஆயிரக்கணக்கில் செய்தவை இவை. வெளிநாட்டில் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. அலுமாரியில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் பேரம் பேசி நன்றாகக் குறைத்து வாங்குங்கள், முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

இரண்டு துண்டும் இறுகிப்போய்ப் பிரியவே மாட்டேன் என்கிறது. குறட்டால் பிடித்துத் திருப்பலாமா? (ஆரையம்பதி)

குறடும் வேண்டாம், திருப்புவதும் வேண்டாம். திருப்பினால் ஆறு கீலமும் முறுக்கி ஒட்டு விட்டுவிடும். உப்புக்காற்றில் உலோகம் பச்சை பிடித்துத்தான் இப்படி இறுகுகிறது. இணைப்பில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு இரவு முழுக்க வையுங்கள், மூங்கிலில் படாமல். அடுத்த நாள் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி சுற்றி இணைப்பைக் குளிர வைத்துவிட்டு, தடியை முழங்காலுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து, இணைப்பு நடுவில் வர, இரு பக்கமும் முழங்கால்களுக்குச் சற்று வெளியே கைகளால் பிடித்து, முழங்கால்களை வெளிப்பக்கம் மெல்ல விரியுங்கள். அப்போது இழுவை நேர்கோட்டில் வரும். வளையங்களைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

என்னிடம் இருக்கும் பழைய மூங்கில் தடியால் வாவியில் கொடுவா பிடிக்கலாமா? (வாழைச்சேனை)

பிடிக்கலாம், ஆனால் விலையுள்ள தடியால் பிடிக்காதீர்கள். டிரவுட் தடி கால் கிலோ, அரைக் கிலோ மீனுக்குச் செய்தது. கொடுவா தங்கூசியை இழுத்துக்கொண்டு கண்டல் வேருக்குள் ஓடும்போது நிறுத்தத்தான் வேண்டும், அந்த நேரத்தில் நுனி போகும். கனமான மூங்கில் தடிகளும் உண்டு: ரிச்சர்ட் வோக்கர் 1952-இல் 44 இறாத்தல் கெண்டை பிடித்தது அவரே வடிவமைத்த மூங்கில் தடியால்தான். அந்த வகை இருந்தால் மீன் பிடித்துப் பாருங்கள், பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும்.

மாரி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து தடி நனைந்துவிட்டது. அதற்கு மேல் கறையான் பயமும் இருக்கிறது. (களுதாவளை)

பையிலிருந்து உடனே எடுங்கள், ஈரத்தோடு குழாய்க்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து பசையும் போகும். வெயிலில் வைக்க வேண்டாம், மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், நுனி வளையத்தில் நூல் கட்டி நேராகத் தொங்க வேண்டும். கறையானைவிட நான் பயப்படுவது உளுவுக்கு. குண்டூசித் தலை அளவு ஓட்டையும் கீழே மா மாதிரித் தூளும் கண்டால் அந்தத் துண்டை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஓட்டை விழுந்த தடிக்கு யாரும் விலை பேசமாட்டார்கள்.

அடித்துண்டு மட்டும் ஒன்று, ஹார்டி. 3,000 ரூபா. (மட்டக்களப்பு நகர்)

ரீல் பூட்டும் பகுதியும் ஃபெரூலும் உடையாமல், எண்ணும் தெளிவாக இருந்தால் வாங்குங்கள். திருத்துகிறவர்கள் அந்தப் பாகங்களுக்காகவே தேடுவார்கள். கோர்க் கைப்பிடி மட்டும்தான் நன்றாக இருக்கிறது என்றால் வேண்டாம்.