எலிக்குக் கொடுத்த அளவிலிருந்து மனிதருக்கான முதல் டோஸ் எப்படி வருகிறது?

புதுப் புற்றுநோய் மருந்தை எலியிடம் சோதித்துவிட்டு, மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

எடையை மட்டும் வைத்துப் பெருக்கினால் ஆபத்து. சின்ன உடல் பொதுவாக மருந்தை வேகமாகக் கழித்துவிடும். அதனால் உடலின் மேற்பரப்பை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பத்து சதவீத எலிகளுக்குக் கடுமையான நச்சு விளைவு வரும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அது கிலோவுக்கு 62 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். எலிக்கும் மனிதருக்கும் மேற்பரப்பில் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்டும் எண் 6.2. அதால் வகுத்தால், மனிதருக்கு ஈடான அளவு கிலோவுக்கு 10 மி.கி. அதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது கிலோவுக்கு 1 மி.கி.யில் தொடங்குவது வழக்கம். நாய் போன்ற விலங்கு அந்த அளவையே தாங்காவிட்டால் இன்னும் குறைப்பார்கள்.

மற்ற மருந்துகளுக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. அங்கே தீங்கே தெரியாத அளவிலிருந்துதான் கணக்கு. புற்றுநோயில் மட்டும் ஏன் தாராளம் என்றால், முற்றிய நோய் உள்ளவருக்கு மிகக் குறைந்த டோஸ் கொடுத்தால் பலன் இருக்காது, காலமும் போய்விடும்.

சரி, விலங்கு தாங்கினால் போதுமா? 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 மருந்தை, குரங்குகள் தாங்கியதில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். மருந்து பெற்ற ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அது ரத்தப் புற்றுக்கும் மூட்டுவாதத்துக்கும் உருவாக்கிய ஆன்டிபாடி. அது தூண்டும் ஏற்பி (அணுவின் மேலிருக்கும், மருந்து ஒட்டிக்கொள்ளும் புரதம்), குரங்கின் சில நோயெதிர்ப்பு அணுக்களில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.