ஒரு அஞ்சு ரூபா காயின் பெருசா, நாலு ஒத்தை ரூபா காயின் பெருசா?

கேள்வி: வணக்கம் மேடம், என் பொண்ணுக்கு நாலரை வயசு. இருபது வரைக்கும் தடங்கல் இல்லாம சொல்றா, ஆனா ஒரு கையில அஞ்சு ரூபா காயின் ஒன்னு, இன்னொரு கையில ஒத்தை ரூபா காயின் நாலு வச்சு எது வேணும்னு கேட்டா நாலைத்தான் புடுங்கிட்டு ஓடுறா. எத்தனை தடவை சொல்லியும் மாறல. உண்டியல் வேற வாங்கி வச்சிருக்கேன். எங்க தப்பு பண்றேன்?

பதில்: தப்பே இல்லீங்க. அவ பொருளை எண்ணுறா, நாலு பொருள் ஒரு பொருளை விட அதிகம்தானே. அந்த ஒரே காயினுக்குள்ள அஞ்சு ரூபா இருக்குங்கறது பெரியவங்க நாம ஒத்துக்கிட்ட ஏற்பாடு, அது காயினைப் பாத்தா குழந்தைக்கு எப்படித் தெரியும்? பியாஜேன்னு ஒரு சுவிஸ் அறிஞர் காமிச்ச விஷயம் இது: சமமா ரெண்டு வரிசை அடுக்கிட்டு ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டினா, நீளமா இருக்கறதுலதான் அதிகம்னு இந்த வயசுப் பசங்க அடிச்சு சொல்லும். வீட்ல செஞ்சு பாருங்க, சிரிப்பு வரும், ஆனா திருத்தாதீங்க.

முதல்ல ஒன்னு பாக்கணும். இருபது வரைக்கும் சொல்றது பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, எண்ணுறது வேற. ஏழு காயினைப் பரப்பி, ஒவ்வொன்னா தொட்டு அந்தப் பக்கம் நகர்த்திக்கிட்டே எண்ணச் சொல்லுங்க, முடிச்சதும் "மொத்தம் எத்தனை?"ன்னு கேளுங்க. டக்குன்னு ஏழுன்னா சரி, மறுபடியும் ஒன்னுல இருந்து ஆரம்பிச்சான்னா கடைசியா சொன்ன நம்பர்தான் மொத்தம்னு இன்னும் பிடிபடல, அதுவரைக்கும் அஞ்சு ரூபா காயினை உள்ள வச்சிருங்க.

அப்புறம் மாத்து விளையாட்டு. ஒரு அட்டையில அஞ்சு கட்டம் போடுங்க, கட்டத்துக்கு ஒரு ஒத்தை ரூபா காயின், அஞ்சும் நிறைஞ்சா அதைக் குடுத்துட்டு ஒரு அஞ்சு ரூபா காயின் வாங்கிக்கலாம். திருப்பியும் ஆடணும், அஞ்சைக் குடுத்து சில்லறை மாத்தணும், கை வழியாத்தான் இது மண்டையில ஏறும். பழகினதும் பொம்மைங்க மேல ரெண்டு புள்ளி, ஆறு புள்ளின்னு விலை ஒட்டி கடை வைங்க, கடைக்காரி அவதான், ஏன்னா வாங்குறவங்களை விட கடைக்காரிக்குத்தான் எண்ணுற வேலை ஜாஸ்தி, நீங்க வேணும்னே ஒன்னு குறைச்சுக் குடுத்து மாட்டிக்கோங்க.

உண்டியலா, ஓட்டைக்குள்ள போட்டா காசு காணாமப் போச்சுன்னுதான் சின்னதுக்குத் தோணும். கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் டப்பா போதும், வாரம் ஒரு தடவை கொட்டி எண்ணுங்க. வட்டி, முதலீடெல்லாம் இப்ப வேண்டாம்.

வீட்ல மூணு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா காயின் அதுக்கு எட்டவே கூடாது, அதை விட மோசம் காயின் மாதிரியே இருக்கிற பட்டன் பேட்டரி, முழுங்கின சந்தேகம் வந்தாக்கூட உடனே ஆஸ்பத்திரி. பொண்ணுக்கு விளையாட்டு முடிஞ்சதும் கை கழுவி விடுங்க. அந்த நாலா அஞ்சா டெஸ்டை மட்டும் ரெண்டு மாசத்துக்கு நிறுத்தி வைங்க.