சீலியாக் உள்ள பிள்ளைக்குத் தமிழ்க் கடையில் எதை வாங்கலாம்?

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஒன்பது வயது மகனுக்குச் சீலியாக் நோய் என்று நான்கு மாதத்துக்கு முன் உறுதிப்படுத்தினார்கள். சனிக்கிழமை தோறும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவோடுதான் தமிழ்க் கடைகளுக்கும் குவீன்ஸ் மார்க்கெட்டுக்கும் போவேன். அந்தக் கடைகளே இனி வேண்டாம், சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வாதவை சேர்க்காத உணவுகளுக்கான 'ஃப்ரீ ஃப்ரம்' அலமாரியில் மட்டும் வாங்கு என்கிறார் கணவர். செலவு கட்டுப்படியாகவில்லை. பையனோ தோசை கேட்டு அழுகிறான். 'சோறு தின்னுற ஆக்களுக்கு என்ன பயம்?' என்கிறார் அக்கா. யார் சொல்வது சரி?"

அக்காவோடு தாராளமாகப் போய் வாருங்கள். கணவரின் பயம் நியாயமானது, ஆனால் அவர் சொல்லும் வழி தவறு. அக்காவின் துணிச்சல் பாதி சரி. மீதிப் பாதியில்தான் பையனுக்கு ஆபத்து இருக்கிறது.

இந்த நோயில் ஆகாதவை கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான். அரிசி, உளுந்து, பயறு, தேங்காய், மீன், முட்டை, காய்கறி எதிலும் அது இயற்கையாகக் கிடையாது. குவீன்ஸ் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாழைப்பூவும் வாங்க எந்த லேபிளும் வேண்டாம். 'ஃப்ரீ ஃப்ரம்' அலமாரியில் இருப்பது பெரும்பாலும் ரொட்டி, பிஸ்கட், கேக் ஆகியவற்றுக்கான மாற்று. அவற்றை நம்பியா உங்கள் பிள்ளை வளர்ந்தான்? அவன் சாப்பாட்டுக்கு அடிப்படைச் சாமான் தமிழ்க் கடையில்தான் இருக்கிறது.

"கொஞ்சம்தானே" என்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் உண்டு. தினமும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு உள்ளே போய்க்கொண்டிருந்தாலே சிறுகுடல் புண்ணாகலாம். வயிறு வலிக்கவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று நினைக்கக் கூடாது.

இனி அக்காவின் வாதத்துக்கு வருகிறேன். அரிசிச் சாப்பாடு என்று நாம் நினைக்கும் பலவற்றில் கோதுமை இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரரான உங்களுக்குத் தெரியாதது அக்காவுக்குத் தெரியும், ஆனால் அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் தோசை மாவில் உளுந்தோடு கோதுமை மா சேர்ப்பது வழக்கம். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மாவை அரிசி மாவோடு கலப்பார்கள். பருத்தித்துறை வடையிலும் கோதுமை மா உண்டு. கடையின் குளிர்பெட்டியில் டப்பாவில் வரும் தோசை மாவு எந்த ஊர்க் கைப்பக்குவம் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர் என்று மட்டும் இருந்தால்தான், குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டிருக்கிறதா என்ற அடுத்த கேள்விக்கே போக வேண்டும். ரவையிலும் இதே குழப்பம் உண்டு. இட்லி ரவை அரிசி, உப்புமா ரவை கோதுமை. ஒரே நிறுவனத்தின் ஒரே நிறப் பாக்கெட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்தது பெருங்காயம். தமிழ்ச் சமையலில் சீலியாக் குழந்தைகளுக்கு நான் பார்க்கும் மிகப் பெரிய ஓட்டை இதுதான். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வரும் அசல் பிசினின் காட்டம் அப்படியே சமையலுக்குத் தாங்காது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. மஞ்சள் டப்பாவைத் திருப்பினால் பெருங்காயத்துக்கு முன்னாலேயே 'வீட் ஃப்ளோர்' என்று இருப்பதைப் பார்க்கலாம். அரிசி மாவு சேர்த்து, குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்ட பெருங்காயம் இதே கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஆனால் உங்கள் டப்பாவை மாற்றினால் மட்டும் போதாது. சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, மாங்காய் ஊறுகாய், முறுக்கு, மிக்ஸர், சில அப்பளங்கள் என்று எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கிறது. பெருங்காயத்துக்குள் கோதுமை இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். நடைமுறையில் பல இறக்குமதிப் பாக்கெட்டுகளில் 'அசஃபோட்டிடா' என்ற ஒற்றைச் சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஒற்றைச் சொல்லைக் கண்டால் கோதுமை இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு திரும்ப வைத்துவிடுங்கள். பொடிகளை வீட்டிலேயே வறுத்து அரையுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

நான் திரும்பத் திரும்ப எச்சரிப்பது மறுபொட்டலக்காரர்களைப் பற்றி. இருபத்தைந்து கிலோ மூட்டையில் வரும் கடலை மாவையும் கேழ்வரகு மாவையும் பொடிகளையும் யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் கண்ணாடிக் கவர்களில் அடைக்கிறார். கோதுமை மாவை அள்ளிய அதே கரண்டியால் கேழ்வரகு மாவை அள்ளுகிறார். கடைப் பெயர், எடை, விலை மட்டும் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுகிறார். மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்பது மூட்டையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. "அண்ணை, இது சுத்தமானதோ?" என்று அக்கா கேட்டால், "நூறு வீதம் சுத்தம்" என்று பதில் வரும். அவர் கலப்படத்தைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் கோதுமைத் தூளைப் பற்றிக் கேட்கிறீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் உங்கள் பிள்ளைக்கு உதவாது.

கடையிலேயே முன்கூட்டிப் பொட்டலம் கட்டி விற்கும் உணவிலும் பெயரும் முழு உள்ளடக்கப் பட்டியலும் இருக்க வேண்டும், 14 ஒவ்வாமைப் பொருள்கள் அதில் தடித்துத் தெரிய வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் சட்டம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டிலும் கிரீன் ஸ்ட்ரீட்டிலும் நடந்து போய்ப் பாருங்கள், கண்ணாடிக் கவர் மிக்ஸரில் எத்தனையில் பட்டியல் இருக்கிறது என்று. சட்டம் எழுதியவர்களுக்கு அதைக் கடை கடையாகப் போய்ப் பார்க்க ஆள் போட மனம் வரவில்லை. அந்த வேலை ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய் தலையில் விழுகிறது.

மறுபொட்டலக்காரர்களைவிட எனக்குக் கவலை தருபவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் 'வீட்டுத் தயாரிப்பு, குளூட்டன் ஃப்ரீ' என்று பொடியும் சத்துமாவும் விற்பவர்கள். 'குளூட்டன் ஃப்ரீ' என்பது விளம்பர வார்த்தை அல்ல. ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதற்குச் சட்டம் வைத்த அளவு. அந்த அளவுக்குள் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள்.

ஆகவே மாவு வகைகளுக்கு என் விதி கண்டிப்பானது. அரைத்து வரும் எந்த மாவும், அது அரிசி மாவாகவே இருந்தாலும், குளூட்டன் ஃப்ரீ என்று நிறுவனம் அச்சிட்டிருந்தால்தான் வாங்க வேண்டும். ஆலையில் காலையில் கோதுமை ஓடிய கல்லில் மாலையில் அரிசி ஓடியிருக்கலாம். முழுத் தானியத்துக்கு இந்தக் கெடுபிடி வேண்டாம். நிறுவனம் அடைத்த பாக்கெட்டில் அரிசியும் முழு உளுந்தும் வாங்கி, தட்டில் பரப்பி, அந்நியத் தானியம் கலந்திருக்கிறதா என்று பொறுக்கிவிட்டு, நன்றாகக் கழுவி ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் அரைத்துக்கொள்ளுங்கள். பையன் அழும் தோசைக்கு அதுதான் பாதுகாப்பான, செலவும் குறைந்த வழி.

லேபிள் படிப்பதில் இரண்டு மூன்று விஷயங்கள். இந்தியப் பாக்கெட்டின் பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும். அதைப் பார்த்துவிட்டுத் தைரியமாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மூல லேபிளின் மேல் இறக்குமதியாளர் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர் இருந்தால், அதில் பிரிட்டன் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல் அது கட்டாயம். ஸ்டிக்கர் சொல்வதும் அடியில் அச்சிட்டிருப்பதும் முரண்பட்டால் இரண்டில் மோசமானதை நம்புங்கள். 'மே கன்டெய்ன் வீட்' என்ற எச்சரிக்கை இருந்தால் வேண்டாம். அது இல்லாவிட்டால் பாதுகாப்பு என்றும் அர்த்தமில்லை, ஏனென்றால் அந்த வரியை எப்போது போட வேண்டும், எப்போது போடக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே கிடையாது. விருப்பப்பட்டவர் போடுகிறார், பயந்தவர் எல்லாவற்றிலும் போடுகிறார், அலட்சியக்காரர் எதிலும் போடுவதில்லை. இத்தனை வருடமாக இதைச் சரிசெய்யாமல் வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். இலங்கைச் சட்னி, அச்சாறு போத்தல்களில் 'பார்லி மால்ட் வினிகர்' என்று பார்லி தடித்த எழுத்தில் இருக்கும். நான் சொன்ன விதிப்படி அதைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் வேண்டியதில்லை. பார்லியைப் புளிக்கவைத்து வினிகர் ஆக்கும்போது மிஞ்சும் குளூட்டன் நான் சொன்ன 20 மில்லிகிராம் அளவுக்கும் மிகக் கீழே. அப்படியானால் ஏன் தடித்த எழுத்து? பார்லியிலிருந்து வந்தது என்பதைச் சொல்வது சட்டக் கடமை, அவ்வளவுதான். இந்தச் சலுகை வினிகருக்கு மட்டும். 'பார்லி மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' வேறு, அது வேண்டாம். ஹார்லிக்ஸ், மைலோ போன்ற மால்ட் பானங்களும் வேண்டாம். சோயா சாஸும் புளிக்கவைத்ததுதானே என்று கேட்பீர்கள். அதில் கோதுமை சேர்கிறது, குளூட்டன் ஃப்ரீ என்று போட்டதைத் தவிர மற்றது ஆகாது. வினிகர் சரி என்று போத்தலைக் கையில் எடுத்த பிறகும் பட்டியலின் கடைசிவரை படியுங்கள், கடைசி வரியில் பெருங்காயம் உட்கார்ந்திருக்கும்.

சுடச்சுட விற்கும் பலகாரக் கவுண்டர் பக்கம் அவனுக்காகப் போகவே வேண்டாம். ரோல்ஸும் சமோசாவும் பொரிந்த எண்ணெயில்தான் உளுந்து வடையும் பொரிகிறது. மாவில் கோதுமை இல்லாவிட்டாலும் எண்ணெயில் இருக்கிறது.

அக்காவுக்கு ஒரு வேலை கொடுங்கள். கடைக்காரர்களை அவருக்குப் பல வருடப் பழக்கம் இருக்கும், உங்களைவிட அவர் கேட்டால் பதில் வரும். "இது குளூட்டன் இல்லாததோ?" என்று கேட்கச் சொல்லாதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதுக்குள்ள கோதுமை மா போட்டிருக்கோ? பெருங்காயம் போட்டிருக்கோ? வந்த மூட்டையை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்கச் சொல்லுங்கள். பொட்டலம் கட்டாமல் விற்கும் உணவுக்கும் ஒவ்வாமைப் பொருள் பற்றிய விவரம் கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மூட்டையைக் காட்ட மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். பட்டியல் இல்லாத பொட்டலங்களைப் படம் எடுத்து நகரசபையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். உடனே ஏதும் நடக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனாலும் அனுப்புங்கள். புகார் வராத கடைக்கு ஆள் வரப்போவதில்லை.

அக்கா வீட்டில் அவன் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வரும். அவர் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் நன்றாகக் கழுவினால் போதும். இடியப்ப உரலின் அச்சுத் துளைகளைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். புட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டியை மட்டும் எப்படிக் கழுவினாலும் பின்னலுக்குள் பழைய கோதுமை மா இருக்கும். அடுத்த சனிக்கிழமை இலங்கைச் சாமான் கடையில் புது நீத்துப்பெட்டி ஒன்று வாங்கி, அதில் அவன் பெயரை எழுதி அக்கா வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அரிசி மாவை நீங்கள் கொடுத்தனுப்புங்கள்.