ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் என்ன செய்வது?

"பைக் திருடுபோய்விட்டது. ஸ்டேஷனில், 'அந்த இடம் எங்கள் லிமிட்டில் வராது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிமிட் ஒரு காரணமே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். வாயால் சொன்னால்கூட அவர்கள் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

அப்புறம் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கையில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீது. என் வண்டி காணாமல் போனபோது அதைப் பத்திரமாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தேன், இன்சூரன்ஸ்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், எஃப்.ஐ.ஆர். எங்கே?" என்றார். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்குப் பதிவானதாக அர்த்தமில்லை.

பைக் திருட்டு போன்ற, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் மறுத்தால், புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலாக இருக்கட்டும். அந்த ரசீதும் புகாரின் நகலும் பின்னால் தேவைப்படும். அங்கும் அசையவில்லையா? அவற்றோடு பிரமாணப் பத்திரமும் இணைத்து மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.